சைடிங்குக்குள் போனால் எஞ்சின் கரகரக்கிறதா? மணலைப் பாருங்கள்

ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் நிலக்கரி வயலுக்கு 1855-ல் திறந்த பாதையின் கடைசித் துண்டை, பாளையங்கோட்டை வீட்டு மாடியில் 1:87 அளவில் மாதிரி ரயிலாகச் செய்து வருகிறேன். (அகலப் பாதைக்கு இந்த அளவில் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். நான் போட்டிருப்பது 16.5 மி.மீ. தண்டவாளம், கண்டுகொள்ளாதீர்கள்.)

சுரங்க சைடிங்குக்குள் (மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கப் பாதை) போய்த் திரும்பும் எஞ்சின் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டு, சூடேறி, நின்றுவிடும். மெயின் லைனிலேயே ஓடும் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகவே வந்தது. இணைப்புகளை மறுபடி பற்றவைத்தேன், கன்ட்ரோலரையும் மாற்றினேன். ரிப்பேர்க்காரர் "மோட்டார் போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டுருங்க" என்றார்.

புதிது வாங்குமுன் அடிமூடியைக் கழற்றினேன். மோட்டார் காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்த மாதிரி கறுப்புப் பொடி குத்திட்டு நின்றது! கரித்தூளுக்காக சைடிங்கில் தூவிய உவரிக் கடற்கரைக் கறுமணல்தான். பார்வைக்கு அசல் நிலக்கரி. ஆனால் அதில் இரும்பு கலந்த தாதுக்களான இல்மனைட்டும் கொஞ்சம் மேக்னடைட்டும் உண்டு. பசையில் ஒட்டாத துகளைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி சைடிங் மேல் ஓட்டினேன். பை முக்கியம், இல்லாவிட்டால் காந்தத்திலிருந்து மணலைப் பிரிக்கவே முடியாது. மோட்டாருக்குள் இருந்ததை செல்லோடேப் ஒற்றி எடுத்தேன். கறுமணலுக்குப் பதில், சிரட்டைக் கரியை இடித்துத் துணியில் சலித்து ஒட்டினேன். பழைய மோட்டாரே சத்தமில்லாமல் ஓடுகிறது. அப்பாடா.

தேரிச் செம்மணலையும் சோதித்தேன், அதிலும் கொஞ்சம் ஒட்டுகிறது. ஸ்டேஷன் முற்றத்துக்கு தாமிரபரணி மணல்தான், அதுவும் காந்தம் காட்டிய பிறகு.