கார்டு விற்பனையை வைத்து மெட்டாகேமைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் போட்டிகளுக்குத் தயாராகும் ஆட்டக்காரர்கள் பலர், அடுத்த வாரம் எதிரே எந்த டெக் (ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) வந்து உட்காரும் என்பதை, அதாவது மெட்டாகேமை, அறிய, அமெரிக்காவின் டிசிஜிபிளேயர், ஐரோப்பாவின் கார்ட்மார்க்கெட் போன்ற கார்டு விற்பனைத் தளங்களில் விலை ஏறி இறங்குவதைக் கவனிக்கிறார்கள். பழக்கம் நல்லதுதான். ஆனால் யார் வாங்கினார்கள், எதற்காக வாங்கினார்கள் என்பதை விலை சொல்லாது. அந்த இரண்டையும் கேட்காமல் டெக்கை மாற்றும்போதுதான் பிழை நேர்கிறது.

பிழைகளில் பெரியது, நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்காக ஆடும் கமாண்டர் என்ற ஆட்டமுறையை ஆடுபவர்களின் தேவையைப் போட்டிக்களத்தின் தேவையாக எண்ணிக்கொள்வது. கமாண்டர் டெக்கில் 100 கார்டுகள். அடிப்படை நிலங்களைத் தவிர எதிலும் ஒரு பிரதிக்கு மேல் வைக்க முடியாது. போட்டிகளில் ஆடப்படும் ஸ்டாண்டர்ட், மாடர்ன் ஆகிய ஆட்டமுறைகளில் குறைந்தது 60 கார்டுகள். ஒரே கார்டில் நான்கு பிரதிகள் வரை வைக்கலாம். 2000-இல் ப்ராஃபசி தொகுப்பில் காமன் (எளிதில் கிடைக்கும் வகை) கார்டாக வெளிவந்த ரிஸ்டிக் ஸ்டடி, பின்னர் பல பத்து டாலர்களுக்கு விலைபோனது முழுக்க முழுக்கக் கமாண்டரால்தான். மாடர்னில் அதை ஆட அனுமதியே இல்லை. ஆகவே விலைக் கோட்டைவிட, ஓர் ஆர்டரில் எத்தனை பிரதிகள் போகின்றன என்பதே நம்பத்தக்க தடயம் என்பது என் கருத்து. ஒன்று ஒன்றாகப் போகும் கார்டு கமாண்டருக்குப் போகிறது. நான்கு நான்காகப் போவது பெரும்பாலும் போட்டிக்குப் போகிறது. உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கேட்டால், எந்த வரைபடமும் காட்டாத இந்த வேறுபாட்டை அவர் நினைவிலிருந்தே சொல்லிவிடுவார்.

அடுத்தது, கையிருப்பின் அளவைப் பாராமல் ஏற்றத்தை மட்டும் பார்ப்பது. 2024 ஜூனில் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 தொகுப்பில் வந்த நாடூ என்ற கார்டு, தன்னை ஆடுபவரின் உயிரினக் கார்டுகள் ஏதேனும் ஒரு விளைவால் குறிவைக்கப்படும்போதெல்லாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு டர்னில் இரண்டு முறை வரை, ஒரு கார்டைத் தரும். செலவே இல்லாமல் அப்படிக் குறிவைக்க உதவியது 2005-ஆம் ஆண்டின் ஷுக்கோ என்ற கார்டு. பழைய தொகுப்பின் கார்டு என்பதால் சந்தையில் பிரதிகள் குறைவு. சில நூறு பேர் வாங்கினாலே விலை பல மடங்காகிவிடும். இங்கே சந்தை காட்டிய திசை சரியாகவே இருந்தது: அம்மாத இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ப்ரோ டூர் என்ற உயர்நிலைப் போட்டியை நாடூ டெக்தான் வென்றது. ஆயினும், விலை பத்து மடங்கு ஏறியதால் பத்து மடங்குப் பேர் ஆடுவார்கள் என்று கணக்கிடுவது தவறு.

எதிர்பார்ப்பை முடிவாகக் கொள்வதும் இதே வகைதான். 2024 டிசம்பர் 16 அன்று மாடர்னில் மாக்ஸ் ஓபல் என்ற கார்டு மீதான தடை நீக்கப்பட்டபோது, தடை நீங்கிய பிறகு அதைக் கொண்டு யாரும் ஒரு பெரிய போட்டியில்கூட ஆடியிராத நிலையிலேயே வாங்கும் அலை எழுந்தது. தடை அறிவிப்பை ஒட்டி வரும் விற்பனை, விலை ஏறும் என்று எண்ணி வாங்கி வைப்போருடையதாகவும் இருக்கலாம். போட்டி முடிவுகள் வரும் வரை அதைத் தனியே குறித்து வைப்பதே முறை.

விலை அசையாத கார்டை மறந்துவிடுவதும் உண்டு. லைட்னிங் போல்ட் 1993 முதல் எத்தனையோ முறை மறு அச்சாகியிருப்பதால், எத்தனை டெக்குகள் அதை நான்கு பிரதிகள் வைத்து ஆடினாலும் விலை பெரிதாக உயராது.

கடைசியாக, அதிகம் விற்கும் டெக்கே வெல்லும் டெக் என்று நம்புவது. 2016 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த ப்ரோ டூரின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் எல்ட்ராசி என்ற உயிரின வகையைக் கொண்ட டெக்குகளை ஆடினார்கள்; ஆனால் எல்ட்ராசி டெக்குகளிலேயே பல வகைகள் இருக்க, கோப்பையை வென்றது அவற்றுள் நீலமும் சிவப்பும் கலந்த வகை. முன்னணி அணிகள் மூடிய அறையில் பயிற்சி செய்து, கார்டுகளைத் தங்களுக்குள் கடன் வாங்கிக்கொள்வதால், அவற்றின் இறுதிப் பட்டியல் விற்பனையில் தெரிய வாய்ப்பே குறைவு. எதிரே யார் உட்காருவார்கள் என்பதற்கு மட்டுமே விற்பனை விடை தரும் என்பதால், 15 கார்டு சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகளில்) இரண்டு மூன்று இடங்களை அதன்படி மாற்றலாம்; எந்த டெக்கை எடுத்துச் செல்வது என்பதைப் போட்டி முடிவுகளையும் சொந்தப் பயிற்சியையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.