சென்னைத் தீர்ப்பும் சுன்னாகத்து வேலியும்: வழக்குக்கு முன் நாம் விடும் பிழைகள்

மார்ச் 6 ஆம் திகதி காலை, சுன்னாகப் பக்கமிருந்து ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் யாழ்ப்பாண நகரில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கதையை முதலில் கேட்பதும் உறுதிகளை அடுக்கிப் பார்ப்பதும் என் வேலை. அம்மாவின் சொப்பின் பைக்குள் பழைய உறுதி ஒன்றும், அதைச் சுற்றியிருந்த ஒரு துணியும் இருந்தன. உறுதிக்குப் பிரதி எடுக்கத்தான் அவர் வந்திருந்தார்.

பேச்சோடு பேச்சாகத்தான் விசயம் வெளியே வந்தது. பக்கத்துக் காணிக்காரர் எல்லைக் கதியாலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆறு அடி உள்ளே தள்ளி சீமெந்துத் தூண் நட்டிருக்கிறார். "அதுக்கு அவசரமில்லைத் தம்பி. 12 வருசத்துக்குள்ள வழக்குப் போட்டால் காணுமெண்டு உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. இஞ்ச பாருங்கோ" என்று கைபேசியை நீட்டினார். தமிழ்நாட்டுக் காணொளி ஒன்று. சொல்லப்பட்டது சென்னைத் தீர்ப்பு. "மகன் ஆவணியிலை கனடாவிலை இருந்து வாறான். அவன் வந்த பிறகு பாப்பம்."

"கதியாலை எப்ப பிடுங்கினவை அம்மா?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு அடுத்த நாள்."

அந்தப் பதிலைக் கேட்டதும் நான் ஏன் நாட்காட்டியை எடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் பிழை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது ஒரு சொல்லில் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் ஒரு மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். சென்னையில் 1862 இல் தொடங்கியது, மதுரையில் 2004 முதல் அதன் கிளை இயங்குகிறது. அதற்கும் மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். நம் நாட்டிலோ உயர் நீதிமன்றம் என்பதே எல்லாவற்றுக்கும் மேலானது, கொழும்பில் இருப்பது. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மாகாண மேல் நீதிமன்றம். ஒரே சொல், இரண்டு நாடு, இரண்டு படி. "உயர் நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு" என்று வாசிக்கும்போது நம் ஆட்களின் மனதில் கொழும்பு வந்து நிற்கிறது. மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றென்று நம்பிவிடுகிறோம்.

இந்தியத் தீர்ப்பு இங்கே அடியோடு செல்லாது என்று நான் சொல்லவில்லை. நம் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 இல் வந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவியே அதை எழுதினார்கள். அதனால் சாட்சியம் பற்றிய வாதங்களில் நம் நீதிமன்றங்களிலும் இந்தியத் தீர்ப்புகளைக் காட்டுவார்கள், நீதிபதிகளும் மதித்துக் கேட்பார்கள். ஆனால் அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. காணி, உரிமைமாற்றம், சொத்து என்று வந்தால் நமக்கு அடித்தளம் வேறு. ரோமன் டச்சுச் சட்டம் ஒரு பக்கம், 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மறுபக்கம்.

தேசவழமையை மறந்து நடக்கும் பிழைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005 இல் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அண்ணன் தம்பியோடு சண்டைக்கு நிற்பவர்கள் இங்கே உண்டு. நமக்கு அந்தச் சட்டம் இல்லை. முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்தைப் பிரித்துப் பார்ப்பது நம் வழமை. சீதனம் வாங்கிய மகளுக்கு அதில் தனிக் கணக்கு. காணி எந்த வகை என்று தெரியாமல் பங்கு கேட்கக் கூடாது.

மணமான பெண் தன் காணியை விற்பதும் அப்படித்தான். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டம் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கிறது. தன் பெயரில் உள்ள காணிக்கு ஒரு பெண் இன்னொருவரின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் அநியாயம் என்பதால் அதைத் தாண்டி உறுதி முடித்தால், வாங்கியவர் பிறகு அழ வேண்டி வரும். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். அந்த வழி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தேசவழமையின் முன்வாங்கும் உரிமை, 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கூட்டுச் சொந்தக்காரர்களுக்கு உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் விற்ற காணி நீதிமன்றத்துக்கு வந்து சேரும்.

அடுத்தது ஆட்சி உரிமை, அதாவது காணியை நீண்ட காலம் ஆண்டு வந்ததால் கேட்கும் உரிமை. இந்தியாவின் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு சொல்கிறது. நம் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்வது 10. "பத்து வருசம் இருந்தால் காணி எனக்குத்தானே?" என்று கேட்பவர்களில் பலர் கூட்டுச் சொந்தக்காரர்கள். மூன்று பிள்ளைகளில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் ஊரில். ஊரில் இருப்பவர் வீட்டைப் பராமரிக்கிறார், கிணறு இறைக்கிறார், வரி கட்டுகிறார். அதனால் முழுக் காணியும் அவருக்கு வந்துவிடாது. கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911 இல், அப்போது நம் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கியது: ஒரு பங்காளியின் ஆட்சி மற்றப் பங்காளிகளின் ஆட்சியும்தான். அவர்களின் உரிமையை மறுத்ததை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். பிறகு 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்ட காலத் தனி ஆட்சியும் மற்றச் சூழ்நிலைகளும் சேர்ந்தால் அந்த மறுப்பை ஊகிக்கலாம் என்றார்கள். ஆகவே ஊரில் இருப்பவர் "இது எனக்கே" என்று நம்பிக் கட்டடம் எழுப்புவதும் பிழை, வெளிநாட்டில் இருப்பவர் "என் பங்கு எங்கே போகும்" என்று நாற்பது வருடம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் பிழை.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுதி தொலைந்தால் காணி தொலையாது. நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கே தேடி, அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். புதிதாக "உறுதி செய்து தாறன்" என்று வருபவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

வேலைத் தகராறுகளில் நான் காணும் துயரம் இன்னும் பெரியது, ஏனென்றால் அங்கே காலம் மிகக் குறுகியது. கடையில் எட்டு வருடம் வேலை செய்த ஒரு பொடியன். முதலாளி ஒரு நாள் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்கிறார், வாயால்தான். கடிதம் இல்லை. பொடியன் அடுத்த கிழமை போய்க் கேட்கிறான். "கொஞ்சம் பொறு, பிறகு பாப்பம்." அடுத்த மாதமும் அதே பதில். தெரிந்த ஓர் அண்ணை அவனுக்குச் சொல்லியிருக்கிறார், மூன்று வருடம் வரை வழக்குப் போடலாம் என்று. அந்த மூன்று வருடம் இந்தியத் தொழில் தகராறுச் சட்டத்துக்கு 2010 இல் வந்த திருத்தம் தந்தது. இங்கே தொழில் நியாய சபைக்கு, வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்தப் பொடியன் எங்களிடம் வந்தபோது ஏழு மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. அவன் கையில் நியாயம் முழுதாக இருந்தது. நாள் மட்டும் இல்லை. அன்று அவனுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் ரீ வாங்கிக் கொடுத்தது இப்போதும் நினைவிருக்கிறது.

முதலாளி "பாப்பம்" என்று சொல்லும் நாட்கள் உங்கள் ஆறு மாதத்திலிருந்துதான் கழிகின்றன. நிறுத்திய நாளையே எழுதி வையுங்கள். பேசித் தீர்க்க விரும்பினால் பேசுங்கள், அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டாம். நீங்களாக விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னால், வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இந்தியக் கணக்கு வேறு, அதை வைத்து இங்கே கூட்டிக் கழிக்கக் கூடாது. சம்பளத்தில் 8 வீதம் வெட்டியிருப்பதால் காசு நிதிக்குப் போயிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். பணிக்கொடை, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் முடித்தவர்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அது 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்.

வரி விடயத்தில் ஒரு சொல்லோடு நிறுத்துகிறேன். இந்தியாவில் வரி அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் பேராணை மனுப் போட்டு வென்ற செய்திகள் அடிக்கடி வரும். இங்கே வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் கைக்கு வந்தால், 30 நாளுக்குள் எழுத்தில் மீளாய்வு கேட்க வேண்டும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் மறுபடி 30 நாளுக்குள் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்குப் பிறகுதான் மேன்முறையீட்டு நீதிமன்றம். அலுவலகத்துக்குப் போய் அதிகாரியோடு கதைத்துவிட்டு வருவது மீளாய்வு ஆகாது.

வழக்கு முடிந்த பிறகும் நாள் எண்ண வேண்டியிருக்கிறது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாளில், மனு 60 நாளில். தொழில் நியாய சபைக் கட்டளைக்கு, மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 30 நாளில். தீர்ப்பு நாளில் மனமுடைந்து வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருபவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

இனி அந்தச் சுன்னாகத்து அம்மா. காணியிலிருந்து ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றினால், அமைதி குலையும் நிலை இருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் ஆரம்ப நீதிமன்றத்தில் விரைவாக நிவாரணம் கேட்கலாம். ஆனால் வெளியேற்றம் நடந்தது, வழக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்கு முந்திய 2 மாதத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே யார் சொந்தக்காரர் என்று முடிவு செய்ய மாட்டார்கள், யார் ஆட்சியில் இருந்தார் என்றுதான் பார்ப்பார்கள். சொந்தம் பற்றிய வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நடக்கலாம். அந்த இரண்டு மாதம் தவறினால் மிஞ்சுவது அந்த நீண்ட வழி மட்டும்.

பொங்கலுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணினேன். பத்து நாளளவில்தான் மிச்சம். அம்மாவிடம் சொன்னேன். அவர் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு பிடுங்கிப் போட்ட கிளுவங் கதியால்கள் இன்னும் வேலியோரம் கிடக்கின்றனவா என்று கேட்டேன். "கிடக்குது. தளிர் விட்டிட்டுது தம்பி" என்றார். எடுத்து அடுக்க வேண்டாம், அப்படியே படம் எடுங்கள், தூண்களையும் சேர்த்து எடுங்கள், பார்த்த அயலவர் இருவரைக் கூட்டி வாருங்கள் என்றேன். அன்று பின்னேரமே இருவரோடு வந்தார். அடுத்த கிழமை மல்லாகம் நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசி தாக்கலானது. மகனுக்கு ஆவணி வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அவரே கனடாவுக்கு அழைத்துச் சொன்னார்.