வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் இறக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறையின் சூட்டை வெளிக்காற்றில் விடாமல் போர் வழியாக மண்ணுக்குள் விடும் ஏசி வேலையில், வால்வை மாற்றித் திருப்புவது, பம்பைத் தலைகீழாக மாட்டுவது போன்றவற்றை எந்த மெஸ்திரியும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். மாதவரம், கொளத்தூர் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் பட்ட அடிகளையே திரும்பவும் படுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளிர்நாட்டுக் கணக்கில் போர் போடுவது

அறையின் சூட்டை ஹீட் பம்ப் உறிஞ்சித் தண்ணீரில் ஏற்றுகிறது. அந்தத் தண்ணீர் போருக்குள் இறக்கிய குழாயில் சுற்றிவந்து சூட்டை மண்ணிடம் விடுகிறது. ஐரோப்பாவின் பல ஊர்களில் அந்த மண் 10 டிகிரி அளவில் இருக்கும். கோடையில் உள்ளே விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

சென்னை மண் 28, 29 டிகிரி. இங்கே யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. வருடம் முழுக்கச் சூடு உள்ளேதான் போகும். ஒரு டன் குளிர்ச்சி என்றால் 3.5 கிலோவாட், கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் சூடாக மாறிச் சேர, மண்ணில் இறங்குவது 4.5 கிலோவாட் வரை. வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து ஆழம் போடுகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

திருவொற்றியூரில் அரை கிரவுண்டு வீடு ஒன்று. வீடும் சம்ப்பும் போக மீதியிருந்த சந்தில் எட்டடிக்கு ஒன்றாக மூன்று போர். முதல் கோடை பிரமாதம். இரண்டாவது கத்திரியில் அந்த அம்மா கூப்பிட்டார்: "தம்பி, பழைய ஸ்ப்ளிட் ஏசியே தேவலாம்போல இருக்கே." போய்ப் பார்த்தால் போரிலிருந்து திரும்பும் தண்ணீர் 41 டிகிரி. வெளிக்காற்றைவிடச் சூடு! போட்டவர் சொல்லியிருந்த வைத்தியம், இன்னும் பெரிய கம்ப்ரஸர். ஏற்கெனவே கொதிக்கும் மண்ணில் மேலும் சூட்டைக் கொட்டச் சொல்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அம்மா பென்ஷன் பணத்தில் போட்ட போர் அது.

போருக்குப் போர் 5, 6 மீட்டராவது இடைவெளி வேண்டும். அரை கிரவுண்டில் இரண்டுக்கு மேல் வராது என்றால், படுக்கையறைக்கு மட்டும் இதைப் போடுங்கள். ஹாலுக்குச் சாதாரண ஏசி இருக்கட்டும். குளிக்கிற வெந்நீரை இந்தச் சூட்டிலேயே காய்ச்சினால் மண்ணின் பாரம் குறையும், கீசரும் வேண்டாம். மார்கழி, தை இரவுகளில் காற்று 21 டிகிரிக்கு இறங்கும். அப்போது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, போர்க் குழாயில் சுற்றும் தண்ணீரை மட்டும் மொட்டைமாடியில் ஃபேன் வைத்த ரேடியேட்டர் வழியாக விடிய விடிய ஓட்டினால், கோடையில் சேர்ந்த சூட்டில் ஒரு பகுதியை வெளியேற்றலாம். இதற்கான இணைப்பை முதல் நாளே வைத்துவிட வேண்டும்.

போர்த் தண்ணீரையே மெஷினுக்குள் விடுவது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த விஷயம். அந்த உப்பு, செம்புக் காயிலை அரித்துவிடும். ஊற்றிய தண்ணீரே குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றும் மூடிய குழாய்ச் சுற்றுதான் இங்கே சரி.

குழாய்த் தண்ணீர் உறையாமலிருக்க கிளைகால் (உறைதடுப்புத் திரவம்) ஊற்றுவது

சென்னையில் எது உறையப்போகிறது? சுத்தமான நல்ல தண்ணீர் போதும்.

மண்ணுக்குள் திருகு ஜாயின்ட்

கூடவே கூடாது. ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயை உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

போரைச் சும்மா மணல் கொட்டி மூடுவது

குழாயைச் சுற்றி இடைவெளி விழுந்தால் சூடு மண்ணுக்குப் போகாது. அதைவிட மோசம், மேலே இருக்கும் உப்புத் தண்ணீர் அந்த ஓட்டை வழியே கீழுள்ள நல்ல தண்ணீரில் இறங்கும். பக்கத்து வீட்டு போரும் கெடும். பென்டோனைட் (தண்ணீரில் ஊதும் களிமண்) கலவையை அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றி அடையுங்கள்.

காற்றுக்குழாய் மட்டும் போதும் என்று நம்புவது

மண்ணில் குழாய் புதைத்துக் காற்றை இழுத்தால் மே மாத மதியத்துக்குக் கொஞ்சம் இதம்தான். ஆனால் 29 டிகிரிக் குழாயில் கடல்காற்றின் ஈரம் படிந்து வடியாது. அது அப்படியே அறைக்குள் வரும், புழுக்கம் போகாது.