மேலே பொன்னிறம், கீழே பச்சை மாவு: ஏர் ஃப்ரையர் பெர்ரி காப்ளர் சொதப்பும் இடங்கள்

காப்ளர் என்பது பழத்தின்மேல் மாவுக் கட்டிகளை வைத்து வேகவைக்கும் இனிப்பு. அதை ஏர் ஃப்ரையரில் முதல் தடவை செய்தபோது 14-வது நிமிடமே ஆர்வம் தாங்காமல் கூடையை இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் அப்படியே படம் பிடித்துப் போடலாம் போலச் சிவந்திருந்தது. வாசனை வேறு ஆளைத் தூக்கியது. கரண்டியை உள்ளே விட்ட பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. மேல் ஓட்டுக்கு அடியில் பசை மாதிரி வேகாத மாவு. அதற்கும் அடியில் ஊதாத் தண்ணீரில் மிதக்கும் பெர்ரிகள். நடுவில் கிடந்த ஒரு ஸ்ட்ராபெர்ரித் துண்டு இன்னும் சில்லென்றே இருந்தது.

அளவுகள் சரி, பழங்கள் நல்லவை, ஓவனில் பலமுறை கைகொடுத்த செய்முறைதான். பிறகு எங்கே இடித்தது?

ஏர் ஃப்ரையரின் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும் (ஆறிய பிறகு பாருங்கள்). பெரும்பாலான மாடல்களில் சூடாகும் கம்பிச்சுருள் (காயில்) மேலே இருக்கிறது, அதற்கு மேல் ஒரு விசிறி. விசிறி சூட்டைக் கீழே தள்ள, அது கூடையின் ஓட்டைகள் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கு இது அருமையான ஏற்பாடு. அடி மூடிய ஒரு பாத்திரத்தை உள்ளே வைத்த கணமே ஆட்டம் மாறிவிடுகிறது. மேலே இருப்பதற்கு நேரடிச் சூட்டுக் காற்று, அடியில் இருப்பதற்குப் பாத்திரத்தின் சுவர் வழியாகக் கசியும் சூடு மட்டும்தான். காப்ளரில் அடியில் இருப்பது பழம். ஈரமும் கனமும் அதிகம், கொதித்தே தீரவேண்டியதும் அதுதான். ஆக, அதிகச் சூடு தேவைப்படும் பழத்துக்குக் குறைந்த சூடும், மெல்லிய மாவுக்கு அதிகச் சூடும் போய்ச் சேர்கிறது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கோளாறின் கிளைகள்தான்.

பழத்தையும் மாவையும் ஒரே நேரத்தில் உள்ளே வைப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. ஓவன் செய்முறைகள் பழத்தைப் பரப்பி, மேலே மாவை வைத்து, ஒரேயடியாக உள்ளே தள்ளச் சொல்லும். அங்கே கீழிருந்தும் சூடு வருகிறது, 40 நிமிடம் பொறுமையாக வேகவும் இடமிருக்கிறது. ஏர் ஃப்ரையரில் 15 நிமிடத்தில் மேல்பக்கம் சிவந்துவிடும். பழம் அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும்.

வழி எளிது. பழத்தை முதலில் தனியாக வேகவிடுங்கள். 16 முதல் 18 செ.மீ. அகலமுள்ள வட்டப் பாத்திரத்தில் 350 கிராம் பெர்ரி, 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. 170 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். ஓரங்களில் குமிழ் வரும்போது வெளியே எடுத்து, அடியிலிருந்து ஒரு கிளறு கிளறிவிட்டு, சூடு குறையும் முன்பே மாவை மேலே வையுங்கள். மாவின் அடிப்பக்கம் பழத்தின் கொதியில் உடனே வேக ஆரம்பிக்கும். குளிர்ந்த பழத்தின்மேல் குளிர்ந்த மாவை வைத்தால், அது வேகுமுன் சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஊறிக் கிடக்கும். நான் பார்த்த அந்தப் பசைப் படலம் அப்படித்தான் வந்தது.

ஓவன் சூட்டை அப்படியே வைப்பது

செய்முறை 190 என்றால் இங்கே 165 முதல் 170 போதும். வீசும் காற்று சூட்டை வேகமாக ஏற்றும், இடமும் சின்னது. சீக்கிரம் ஆகட்டும் என்று 200-இல் வைத்தால் சீக்கிரம் ஆவது கருகல் மட்டும்தான். மாவு வைத்த பிறகு 165 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் என்பது என் கணக்கு. உங்கள் இயந்திரம் என்னுடையதைவிடச் சூடாகவோ மந்தமாகவோ இருக்கலாம் என்பதால், முதல் தடவை 10-வது நிமிடத்திலிருந்தே கண் வைத்திருங்கள்.

திறந்து பார்த்தால் அமுங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இது ஸ்பாஞ்ச் கேக் இல்லை. கூடையை மூடியதும் சூடு சட்டென்று ஏறிக்கொள்ளும்.

மேலே சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால் அலுமினியத் தாள் போட்டு மூடலாம். ஆனால் சும்மா மேலே படரவிடக் கூடாது. விசிறி தாளைத் தூக்கிக்கொண்டுபோய்க் காயிலில் ஒட்டவைத்துவிடும். பாத்திரத்தின் விளிம்புக்கு அடியில் நன்றாக மடித்துச் செருகுங்கள். பேக்கிங் தாளும் அப்படித்தான். அதன்மேல் கனம் எதுவும் இல்லாமல் வெறுங்கூடையில் விரித்து முன்சூடு போட்டால், பறந்து காயிலைத் தொட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

சாறு கெட்டியாகாமல் போவது

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏனென்றால் பலரும் கார்ன்ஃப்ளாரைக் குறை சொல்லிவிட்டு, அடுத்த முறை இரண்டு மடங்கு போட்டு, களிம்பு மாதிரி ஒன்றைச் செய்து வைக்கிறார்கள்.

மாவுச்சத்துத் துகள்கள் ஏறத்தாழ 65 டிகிரியில் தண்ணீரை இழுத்து உப்ப ஆரம்பிக்கும். முழுமையாகக் கெட்டிப்படுத்த 90-ஐத் தாண்டி, கொதியை ஒட்டிய சூடு வேண்டும். சர்க்கரை அதிகமானால் இந்த வேலை இன்னும் தாமதமாகும், ஏனென்றால் தண்ணீருக்கு அதுவும் போட்டி போடுகிறது. எனவே சாறு நீர்த்திருந்தால் கார்ன்ஃப்ளார் குறைவு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் நடுப்பகுதி கொதிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

குமிழைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேகாத சாற்றில் குமிழ்கள் சின்னதாக, படபடவென்று, நுரைபோல வரும். நிறமும் மங்கலாக, பால் கலந்ததுபோல இருக்கும். வெந்த சாற்றில் குமிழ் பெரிதாக, சோம்பேறித்தனமாக எழும்பி, ஒரு நொடி நின்று, 'ப்ளப்' என்று உடையும். மங்கல் போய்ச் சாறு கண்ணாடிபோலப் பளபளக்கும். ஓரத்தில் மட்டும் இப்படி வந்தால் போதாது. மாவுக் கட்டிகளுக்கு இடையே, நடுவிலும் வரவேண்டும். அதற்காகத்தான் மாவை மூடிபோலப் பரப்பாமல், இடைவெளி விட்டுக் கரண்டி கரண்டியாக வைக்கிறோம். ஆவிக்கும் வழி, நமக்கும் எட்டிப் பார்க்க ஜன்னல்.

இன்னொன்று, கார்ன்ஃப்ளாரைச் சர்க்கரையோடு கலந்த பிறகே பழத்தில் புரட்டுங்கள். ஈரப் பழத்தில் நேராகக் கொட்டினால் அங்கங்கே வெள்ளை உருண்டையாகத் திரண்டு, கடைசிவரை கரையாது. பெயரைப் பார்த்துக் குழம்பி மஞ்சள் மக்காச்சோள மாவைப் போட்டவர்களும் உண்டு. அது நறநறவென்று நிற்குமே தவிர, கெட்டிப்படுத்தும் வேலையை இந்த அளவில் செய்யாது. நமக்கு வேண்டியது, விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் வெள்ளை வெளேரென்ற பொடி.

நான்கு பெர்ரியும் ஒரே ஜாதி என்று நினைப்பது

கலவை பெர்ரி என்று ஒரே பையில் வந்தாலும் ஒவ்வொன்றின் குணமும் வேறு. புளூபெர்ரிக்குத் தோல் இருக்கிறது. சூட்டில் தாக்குப்பிடித்து, பிறகுதான் வெடித்துச் சாறு விடும். பிளாக்பெர்ரியும் ஓரளவு உருவத்தோடு நிற்கும். ராஸ்பெர்ரி உள்ளே பொள்ளலான, குட்டிக் குட்டி மணிகளின் கூட்டம். கிளறின ஒரு கிளறிலேயே கூழாகிவிடும். ஸ்ட்ராபெர்ரி நிறம் வெளுத்து, தண்ணீரையெல்லாம் வெளியே விட்டுத் துவண்டுபோகும்.

அதனால் பையிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், முடிந்தால் ராஸ்பெர்ரியைத் தனியே ஒதுக்கி, முதல் வேக்காடு முடிந்து மாவு வைக்கும் முன் தூவுங்கள். ஸ்ட்ராபெர்ரியைப் பொடிப்பொடியாக நறுக்காமல் இரண்டாக மட்டும் பிளந்தால் போதும். ஸ்ட்ராபெர்ரி மொத்தப் பழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சாறு கட்டுக்கடங்காது. கொஞ்சமாக இருக்கும்போதுதான் அதன் மணம் எடுபடுகிறது என்பது என் கட்சி.

உறைந்த பெர்ரியும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிலர் அதை முழுக்க உருகவிட்டு, சாற்றோடு சேர்த்து ஊற்றுவார்கள். உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் பழத்தின் செல்களைக் கிழித்திருக்கும். உருகினால் கட்டிவைத்த தண்ணீர் முழுவதும் வெளியே வந்துவிடும். உறைந்த நிலையிலேயே கார்ன்ஃப்ளார் கலவையில் புரட்டி உள்ளே வையுங்கள். கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டி ஆக்கி, முதல் வேக்காட்டுக்கு 15 முதல் 18 நிமிடம் கொடுங்கள், பாதியில் ஒருமுறை கிளறி. கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பனிக்கட்டிப் பழம் உள்ளே, அனல் காற்று வெளியே என்றால் கண்ணாடி விரிசல் விடலாம்.

பாத்திரம் என்றால் மெல்லிய உலோகம்தான். சூட்டை அடிக்கு விரைவாகக் கொண்டுபோகும். தடிமனான பீங்கானும் சிலிகானும் அந்த வேலையில் மந்தம், ஏற்கெனவே பின்தங்கிய அடிப்பக்கத்தை இன்னும் பின்னுக்கு இழுக்கும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். பழமும் மாவும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் சாறு பொங்கி வழியும். வழிந்த சர்க்கரைச் சாறு கூடையின் அடியில் கருகிப் புகையும், அந்தக் கறையைச் சுரண்டுவதற்குள் காப்ளர் ஆசையே போய்விடும். ஆள் அதிகமென்றால் ஆழத்தைக் கூட்டாமல் இரண்டு தட்டையான கிண்ணங்களில் பிரித்து வையுங்கள். இன்னும் நன்றாகவே வேகும், நேரமும் குறையும்.

மேல் மாவு

100 கிராம் மைதா, 25 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, குளிர்ந்த வெண்ணெய் 45 கிராம், பால் சுமார் 70 மி.லி. வெண்ணெயை விரல் நுனியால் மைதாவில் தேய்த்து, பட்டாணி அளவுத் துணுக்குகள் அங்கங்கே தெரியும்போது நிறுத்துங்கள். அந்தத் துணுக்குகளில் உள்ள நீர் சூட்டில் ஆவியாகி மாவைத் தூக்கும். உருகிய வெண்ணெயில் அந்த லேசு வராது.

பால் சேர்த்த பிறகு பத்துப் பன்னிரண்டு கிளறல் போதும். மாவு கட்டியும் முட்டியுமாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கவேண்டும். வழவழப்பாகும்வரை கிளறினால் பசைத்தன்மை கூடி, வெந்தபின் ரப்பர்போல இழுக்கும். பாலை முன்னதாகவே சேர்த்து வைப்பதும் வேண்டாம், ஈரம் பட்டதும் பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பித்துவிடும். வெண்ணெய் தேய்த்த மாவு ஃப்ரிட்ஜில் காத்திருக்கட்டும். பழம் வெளியே வந்தபின் பால் ஊற்றிக் கொள்ளலாம். ஒவ்வொரு கட்டியும் ஒரு செ.மீ. தடிமனுக்குச் சற்று கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் போனால் நடுவில் வேகாது.

பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடாவை அள்ளிப் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பெர்ரிகளுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலம் பச்சையென்று போகும். சாறு பட்ட இடமெல்லாம் மாவு பூஞ்சை பிடித்ததுபோலப் பச்சை நீலமாக மாறியதைப் பார்த்து, ஒரு பாத்திரம் முழுவதையும் குப்பையில் கொட்டிய ஆள் நான். சாப்பிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

மேலே மொறுமொறுப்புக்குச் சர்க்கரை தூவுவதானால் முதலில் பால் தடவி, அதன்மேல் தூவி லேசாக அழுத்துங்கள். இல்லாவிட்டால் விசிறி ஊதித் தள்ளிவிடும்.

வெந்துவிட்டதா என்று பார்க்க மேல் நிறத்தை நம்பவே வேண்டாம். நடுவில் இருக்கும் ஒரு கட்டியை முள்கரண்டியால் நெம்பி அடிப்பக்கம் பாருங்கள். ரொட்டிபோலப் பஞ்சுபஞ்சாக இருந்தால் சரி, பளபளவென்று ஈரமாக ஒட்டினால் இன்னும் நான்கு நிமிடம். வெப்பமானி இருந்தால் கட்டியின் நடுவில் 95 டிகிரி காட்டவேண்டும்.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பது இந்தக் காப்ளருக்காகவே சொன்னதுபோல இருக்கும். கொதிக்கும் சாறு எவ்வளவு சரியாக வெந்திருந்தாலும் இளகித்தான் ஓடும். 25 நிமிடம் ஆறினால் கரண்டியின் பின்புறத்தில் பூசினதுபோல நிற்கும். அதற்குள் எடுத்து வைத்துவிட்டு, கெட்டியாகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினால் மேல் மாவுதான் வறண்டுபோகும்.

மிஞ்சினால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 150 டிகிரியில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவில் மேல் மாவு துவண்டுவிடும். இங்கே மட்டும், மேலிருந்து அடிக்கும் அந்த விசிறிதான் மாவை மறுபடி மொறுமொறுப்பாக்கித் தருகிறது.