பழைய டெஸ்க்டாப் பூட் ஆகலையா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

எங்க வீட்டு டெஸ்க்டாப் ஒரு நாள் காலையில திடீர்னு படுத்துடுச்சு. விண்டோஸ் 7, டிடிஆர்3 ரேம், பல வருஷ போட்டோ எல்லாம் அதுலதான் கிடக்கு. மூணு நாள் மல்லுக்கட்டி சரி பண்ணிட்டேன், அதுல கத்துக்கிட்டத அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. "கம்ப்யூட்டர் ஆன் ஆகல"ன்னு பொதுவா சொல்லாதீங்க. பட்டன அழுத்தினா ஃபேன் கூட சுத்தலையா, ஃபேன் சுத்துது ஆனா மானிட்டர்ல ஒண்ணும் வரலையா, இல்ல பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி மதர்போர்டுலயே ஓடுற ஆரம்ப புரோகிராம்) வரைக்கும் வந்து விண்டோஸ்ல நிக்குதா? இது மூணும் வேற வேற வியாதி. எதுன்னு தெரியாம பார்ட்ஸ் வாங்கினா காசுதான் போகும்.

கேபினட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி பவர் கார்டைப் பிடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு பத்து செகண்டு அழுத்திப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கிடும். அப்புறம் கேபினட் இரும்பைத் தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க.

ஃபேனே சுத்தலன்னா

சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல, அதாவது எல்லா பார்ட்ஸுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை டப்பா மேல. மதர்போர்டுல செருகியிருக்கிற பெரிய 24 பின் கனெக்டரைக் கழட்டுங்க. அதுல பச்சை ஒயர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதையும் ஏதாவது ஒரு கருப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சுட்டு, அதுக்கப்புறம்தான் பவர் கொடுக்கணும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்தினா அதுக்கு உயிர் இருக்கு. ஆனா இதோட நிறுத்தாதீங்க, ஃபேன் சுத்தினாலும் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். மல்டிமீட்டர் கருப்பு முனைய கருப்பு ஒயர்ல வச்சுப் பாருங்க, மஞ்சள்ல 11.4லருந்து 12.6 வரைக்கும், சிவப்புல 4.75லருந்து 5.25 வரைக்கும் இருக்கணும். லைட் மட்டும் எரியுற டெஸ்டர் விக்கிறாங்க, எனக்கு அது பிடிக்கல, நம்பர் காட்டுற சாதாரண மல்டிமீட்டர்தான் பெஸ்ட், நாளைக்கு வேற நூறு வேலைக்கும் ஆகும். எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் திறக்கவே திறக்காதீங்க, கரண்ட எடுத்துட்டாலும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அது உயிருக்கே ஆபத்து.

எஸ்எம்பிஎஸ் நல்லா இருந்தா பவர் பட்டனே போயிருக்கலாம். எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டு, பட்டன் ஒயர் வந்து சேர்ற ரெண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு செகண்டு தொட்டுப் பாருங்க.

ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல

இதுல பெரும்பாலும் ரேம்தான் காரணமா இருக்கும். எல்லா ரேமையும் கழட்டுங்க, தங்கக் கலர்ல இருக்கிற பல்லு மாதிரி இடத்தை வெள்ளை ரப்பரால மெதுவா தேய்ங்க, துகள் ஸ்லாட்டுக்குள்ள விழாம தட்டிவிட்டுட்டு, ஒரே ஒரு ரேம மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டா ஆன் பண்ணிப் பாருங்க. கிளிப் "டக்"குன்னு மூடுற வரைக்கும் அழுத்தணும், நாம உட்கார்ந்துடுச்சுன்னு நினைப்போம், ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். போர்டுல குட்டி ஸ்பீக்கர் இருந்தா இன்னும் சுலபம், ரேமே இல்லாம ஆன் பண்ணுங்க, பீப் பீப்னு கத்தினா போர்டும் பிராசசரும் வேலை செய்யுதுன்னு கிட்டத்தட்ட நிச்சயம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதைக் கழட்டிட்டு, போர்டுலயே டிஸ்ப்ளே போர்ட் இருந்தா கேபிளை அதுல மாட்டுங்க. பிராசசர் பக்கத்துல இருக்கிற 4 பின் பவர் ஒயரையும் பாருங்க, அது லூஸா இருந்தாலும் இதே கதைதான். அப்படியே போர்டுல குட்டி உருளை மாதிரி நிக்கிற கெபாசிட்டர் தலை எதுவும் உப்பியிருக்கான்னும் ஒரு நோட்டம் விடுங்க.

பயாஸ் வருது, விண்டோஸ் வரல

நான் மாட்டிக்கிட்டது இங்கதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். விண்டோஸ் லோகோ வரும், கண் சிமிட்டுற நேரத்துல நீலமா ஏதோ வந்து மறையும், திரும்ப ரீஸ்டார்ட். மறுபடி லோகோ, மறுபடி ரீஸ்டார்ட். ஸ்டார்ட்அப் ரிப்பேர் ரெண்டு தடவ ஓட்டினேன், சரி பண்ண முடியலன்னு சொல்லிடுச்சு. ஹார்ட்டிஸ்க்கை இன்னொரு மெஷின்ல மாட்டினா எல்லா ஃபைலும் சுத்தமா திறக்குது. டிஸ்க் நல்லா இருக்கு, அப்ப விண்டோஸ்தான் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்னு இன்ஸ்டால் டிஸ்க்கைக் கையில எடுத்துட்டேன்.

அப்புறம்தான் எஃப்8 அழுத்தி, எரர் வந்தா தானா ரீஸ்டார்ட் ஆகுறத நிறுத்துற ஆப்ஷன போட்டேன். நீல ஸ்க்ரீன் நின்னுச்சு. கடைசியில 7பி (7B)ன்னு முடியுற ஸ்டாப் கோட், அதாவது எரர் நம்பர். விண்டோஸ் தான் பூட் ஆகவேண்டிய டிஸ்க்கையே எட்ட முடியலன்னு அதுக்கு அர்த்தம். பயாஸுக்குள்ள போனேன், மேல தேதி 2009 ஜனவரி 1ன்னு இருக்கு. அத பார்த்ததும்தான் பொறி தட்டுச்சு. போர்டுல இருக்கிற வட்ட பேட்டரி, சிஆர்2032, செத்துப்போச்சு. பேட்டரி போனா தேதி மட்டும் போகாது, பயாஸ் செட்டிங் எல்லாமே பழைய டீஃபால்ட்டுக்குப் போயிடும். சாட்டா மோடுன்னா போர்டு ஹார்ட்டிஸ்க்கோட எந்த முறையில பேசணும்ங்கிற செட்டிங், ஏஹெச்சிஐ புது முறை, ஐடிஇ பழைய முறை. என் போர்டுல அது ஏஹெச்சிஐல இருந்தது, டீஃபால்ட் ஐடிஇ. விண்டோஸ் 7 இன்ஸ்டால் ஆகும்போது எந்த மோடு இருந்துச்சோ அதுக்கான டிரைவரத்தான் பூட்டுக்கு வச்சிருக்கும், மோடு மாறினா டிஸ்க்கு கண்ணு முன்னாடி இருந்தும் அதால தொட முடியாது.

பேட்டரிய மல்டிமீட்டர்ல பாருங்க, புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலயே காட்டும், என்னோடது 2 கூட இல்ல. புதுசு போட்டு, தேதி மாத்தி, சாட்டா மோட ஏஹெச்சிஐ ஆக்கி, பூட் ஆர்டர்ல ஹார்ட்டிஸ்க்கை மேல கொண்டுவந்து சேவ் பண்ணேன். அடுத்த நிமிஷம் டெஸ்க்டாப் வந்துடுச்சு, ஒரு ஃபைல் கூட போகல. உங்களுக்கு எந்த மோடுன்னு தெரியலன்னா இருக்கிறத மாத்தி ஒரு தடவ பூட் பண்ணிப் பாருங்க, அதனால டேட்டா போகாது. எது ஒத்து வருதோ அத ஒரு பேப்பர்ல எழுதி கேபினட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, நான் ஒட்டிட்டேன்.

பின்னால சேர்த்தது: விண்டோஸ் 10 போட்டிருக்கிற ஒருத்தருக்கு பேட்டரி மாத்தினதும் நீல ஸ்க்ரீன் வரல, பூட் டிவைஸே இல்லன்னு வந்துச்சு. அவர் டிஸ்க் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற புது முறை), ஆனா ரீசெட் ஆனதுல போர்டு லெகஸிங்கிற பழைய பூட் மோடுக்குப் போயிருந்துச்சு, யுஇஎஃப்ஐங்கிற புது மோடுக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு.

இன்னொண்ணு: சிமாஸ் கிளியர் பண்ண, அதாவது பயாஸ் செட்டிங்க அழிக்க, போர்டுல பின் மேல மாட்டியிருக்கிற குட்டி மூடிய (ஜம்பர்) மாத்தி வச்சவங்க அத பழைய இடத்துக்கே திருப்பி வைக்கணும். நான் இத எழுதாம விட்டுட்டேன், ஒருத்தர் அப்படியே விட்டுட்டு போர்டே போச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் தவிச்சிருக்கார். கிளியர் பண்ணப்புறம் முதல் தடவ ஆன் பண்ணும்போது சில போர்டு தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும், பதறி ப்ளக்கைப் பிடுங்காதீங்க, ஒரு நிமிஷம் விடுங்க.