வீட்டு மேசையில் ஒரு குட்டி ஈர்ப்பலைக் கருவி

கருந்துளைகள் போன்ற கனமான பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, காலமும் இடமும் சேர்ந்த காலவெளியே அதிரும். அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவுவதுதான் ஈர்ப்பலை. 1916இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுச் சொன்னார். நேரடியாகப் பிடிபட்டது 2015 செப்டெம்பர் 14இல், கொழும்பு நேரப்படி பிற்பகல் 3.20 மணிக்கு.

அலை கடக்கும்போது ஒரு திசையில் நீளம் கூடும், அதற்குச் செங்குத்தான திசையில் குறையும். ஆகவே செங்குத்தான இரண்டு நீளங்களை ஒப்பிட்டால் போதும். அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ செய்வது அதைத்தான். நாம் செய்யப்போகும் கருவியில் ஈர்ப்பலை சிக்காது. ஆனால் லைகோ எதனோடு மல்லுக்கட்டுகிறது என்பது கண்முன்னே தெரியும்.

1. பொருள்கள்

1 மில்லிவாற்று சிவப்பு லேசர், ஒளியைப் பாதியாகப் பிரிக்கும் கண்ணாடிக் கனசதுரம், குவிவு வில்லை, இரண்டு ஆடிகள். கனசதுரத்தை ஒன்லைனில் எடுப்பது சுலபம். முகம் பார்க்கும் கண்ணாடி சரிவராது. அதன் முன்பக்கத்திலும் ஒளி பட்டுத் திரும்பி இரட்டைப் புள்ளி விழும். கணினி திருத்தும் கடையில் பழுதான ஹார்ட் டிஸ்க் கேளுங்கள். உள்ளே இருக்கும் பளபளப்பான வட்டத்தகடு அருமையான ஆடி. விளிம்பில் மட்டும் பிடியுங்கள், விரல் ரேகை பட்டால் கெட்டுவிடும்.

2. அடித்தளம்

காற்றுக் குறைவாக அடித்த சைக்கிள் டியூபின் மேல் கனமான டைல் ஒன்று.

3. பொருத்துதல்

லேசரைக் கனசதுரத்துக்குள் விடுங்கள். பாதி நேரே போகும், பாதி பக்கவாட்டில் திரும்பும். இரண்டு பாதையிலும் சம தூரத்தில், 15 சென்ரிமீற்றர் அளவில், ஆடிகளைக் களிமண்ணில் ஊன்றுங்கள். திரும்பிவரும் ஒளி சுவரில் இரண்டு புள்ளிகளாக விழும். கண்ணை ஒளியின் மட்டத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

4. ஒன்றுசேர்த்தல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஓர் ஆடியை மெல்ல மெல்லச் சாய்த்து இரு புள்ளிகளையும் ஒன்றின்மேல் ஒன்று விழவையுங்கள். அப்புறம் சுவருக்குப் போகும் ஒளியின் குறுக்கே வில்லையை வையுங்கள். பெரிய சிவப்பு வட்டத்துக்குள் கறுப்புக் கோடுகள் தெரியும். தெரியாவிட்டால் ஆடியை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்.

5. கவனித்தல்

ஆடி ஒரு மில்லிமீற்றரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே ஒரு கோடு முழுதாக நகர்ந்துவிடும். வெள்ளவத்தையில் இருந்தால் காலி வீதி பஸ்ஸும் கடற்கரை ரயிலும் கோடுகளை நடுங்க வைக்கும். ரயில்கள் ஓய்ந்த பிறகு செய்து பாருங்கள். உள்ளங்கையை ஒளிக்குக் கீழே பிடித்தால் அந்தச் சூட்டுக்கே கோடுகள் வளையும்.

அதனால்தான் லைகோவின் 4 கிலோமீற்றர்க் குழாய்களுக்குள் வெற்றிடம். 40 கிலோ ஆடிகள் மெல்லிய கண்ணாடி இழைகளில் தொங்குகின்றன. 2015இல் அலை பிடிபட்ட அன்று ஏற்பட்ட நீள மாற்றம் ஒரு புரோத்தனின் அகலத்தில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு!

6. இரண்டாவது மேசை

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பரையும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். இரு வீட்டுக் கோடுகளையும் ஒரே நேரத்தில் வீடியோ எடுத்து ஒப்பிடுங்கள். உங்கள் தெருவில் போன பஸ் அவருடைய வீடியோவில் இருக்காது. லைகோவின் இரு நிலையங்களுக்கும் இடையே 3,000 கிலோமீற்றர் இருப்பதும் இதற்காகத்தான். அன்று லிவிங்ஸ்டன் நிலையத்தில் பதிவான அதே துடிப்பு, 7 மில்லி செக்கன் கழித்து ஹான்ஃபோர்ட் நிலையத்திலும் பதிவானது. 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகியிருந்தன.