ஊர்க்கோழிக் குஞ்சில் பேடு எது, சேவல் எது?

இனம் பெருக்கவென்று ஊர்க்கோழிக் குஞ்சு வாங்கினால் முதல் தலையிடி இதுதான். 10 பேட்டுக்கு 1 சேவல் போதும். கலந்து வாங்கும் குஞ்சுகளிலோ ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும்.

சுன்னாகம் சந்தையில் வாங்கிவந்தபோது செட்டையை விரித்துப் பார்க்கச் சொன்னார்கள். இறகு நீளத்தை வைத்துப் பிரிப்பது அதற்கென்றே கலந்தெடுத்த பண்ணை இனங்களுக்குத்தான், அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள். நூலில் மோதிரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பதை நம்பவே வேண்டாம். பின்புறத்தை அமத்திப் பார்க்கும் யப்பானிய முறை சரியானது. ஆனால் பழகாத கை குஞ்சின் உள்ளுறுப்பைக் காயப்படுத்திவிடும்.

எனக்குக் கைகொடுத்தது கம்பளி நூல். ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வேறுவேறு நிறம் கட்டி, கிழமைக்கு ஒருக்கால் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். கால் தடிக்கத் தடிக்க நூலைத் தளர்த்த வேணும், இல்லாட்டில் தோலை வெட்டும். ஐந்தாறு கிழமையில் சேவற்குஞ்சின் கொண்டை சிவந்து பெருக்கத் தொடங்கும். பேட்டினது சின்னதாய், வெளிறிப்போய் நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இது பிடிபடாது, ஒரே வயதுக் குஞ்சுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேணும். ஐமிச்சமென்றால் மூன்று மாதம்வரை பொறுங்கள். வாலடியில், முதுகின் இருபக்கமும் தொங்கும் இறகு கூராக மினுங்கினால் சேவல். நுனி வட்டமென்றால் பேடு.

மிஞ்சின சேவல்களை இறைச்சிக்குக் கொடுத்தேன். இனத்துக்கு நிறுத்தும் சேவலை வேறு வளவிலிருந்துதான் எடுத்தேன். ஒரே அடையில் பொரித்ததுகளைத் தொடர்ந்து சேர்த்தால் முட்டை பொரிப்பது குறைந்துபோகும்.